சிலிம் ரிவர் தோட்டத்துப் பையன் பேஸ்பால் பிட்சிங் பயிற்றுநர் ஆக என்ன வழி?

கேள்வி: தோட்டத்து அக்கா (சிலிம் ரிவர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சிலிம் ரிவருக்கு அருகிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். நான் டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். என் தம்பி இந்த ஆண்டு படிவம் ஐந்தில் படிக்கிறான். பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் விளையாடும் பள்ளிக் குழுவில் அவன்தான் பிட்சர், அதாவது பந்து எறிபவன். மாவட்டப் போட்டிவரை சென்றிருக்கிறான். மாநிலக் குழுவுக்கான தேர்வில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

அது அவனை அவ்வளவாக வருத்தவில்லை. பந்து எறியக் கற்றுக்கொடுப்பதில்தான் அவன் மனம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவில் இரவில் நடக்கும் பேஸ்பால் ஆட்டங்கள் நமக்குக் காலையில் வருவதால், விடுமுறை நாட்களில் கைப்பேசியில் அவற்றைப் பார்த்து, பிட்சர் பந்தை விடும் நொடியில் படத்தை நிறுத்தி, விரல்கள் பந்தின் தையல்மீது எப்படி அமர்ந்திருக்கின்றன என்று பயிற்சிப் புத்தகத்தில் வரைந்துகொள்கிறான். மாலையில் பழைய ஆயாக்கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு, லயத்துச் சிறுவர்களை வரிசையில் நிறுத்தி எறியச் சொல்கிறான். ஒவ்வொருவனுடைய முன்னங்காலும் எங்கே ஊன்றுகிறது என்று மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, மறுமுறை எறியும்போது அந்தக் கோட்டை அவனுக்கே காட்டுகிறான்.

தொழில்முறைப் பேஸ்பாலில் பிட்சிங் பயிற்றுநராக இருப்பவர்கள் எந்த வழியாக அந்த இடத்துக்கு வருகிறார்கள்? பெரிய ஆட்டக்காரராக இருந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த வேலை கிடைக்குமா? படிவம் ஐந்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்த பிறகு அவன் எதைப் படிக்க வேண்டும்? தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று மாமா சொல்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் விவரம் எதுவும் தெரியாமல் அவனுடைய ஆசைக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில்: பழைய கேட்சர் (ஈப்போ)

சகோதரிக்கு வணக்கம். நான் முன்பு சாஃப்ட்பாலில் கேட்சராக, அதாவது பிட்சர் எறியும் பந்தை எதிரில் உட்கார்ந்து பிடிப்பவனாக, விளையாடியவன். இப்போது ஒரு பள்ளிக் குழுவைப் பயிற்றுவிக்கிறேன். பேஸ்பாலை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தம்பியின் ஆசை அதைப் பொறுத்துத்தான் நிற்கிறது. பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அட்லாண்டா பிரேவ்ஸ் குழுவில் 1990 முதல் 2005 வரை பிட்சிங் பயிற்றுநராக இருந்த லியோ மஸோனி, அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக் ஆட்டத்தில் ஒரு பந்துகூட எறிந்தவர் இல்லை; அவருடைய ஆட்டக்காலம் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக்கிலேயே முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவரிடம் பயின்ற டாம் கிளாவின், கிரெக் மேடக்ஸ், ஜான் ஸ்மோல்ட்ஸ் ஆகிய மூவரும், 1991 முதல் 1998 வரையிலான காலத்தில், ஆண்டின் சிறந்த பிட்சருக்குரிய சை யங் விருதை அட்லாண்டாவுக்காக 6 முறை வென்றார்கள். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே, மற்ற குழுக்களில் பிட்சர்கள் ஒரு முறை பழகியபோது, தன் பிட்சர்களை முழு வேகம் கொடுக்காமல் இரண்டு முறை எறிந்து பழகவைத்தார். இந்த அணுகுமுறையை அவர் மூத்த பயிற்றுநரான ஜானி செயினிடம் கற்றுக்கொண்டவர்.

இன்னொருவரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. டேவ் டங்கன் பிட்சரே இல்லை, கேட்சர். மேலாளர் டோனி லா ருஸ்ஸாவுடன் சிகாகோ, ஓக்லண்ட், செயின்ட் லூயிஸ் என்று மூன்று நகரங்களில் பணியாற்றி, 1989, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற குழுக்களின் பிட்சர்களை வழிநடத்தியவர் அவர். ஒவ்வொரு பந்தையும் எதிரில் உட்கார்ந்து வாங்கியவனுக்குப் பிட்சரைப் பற்றித் தெரிவது பிட்சருக்கே தெரியாமல் போகலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி முதல் கேள்வி. பழைய வழி இதுதான்: ஓர் இளைஞன் மைனர் லீக்கில் சில ஆண்டுகள் விளையாடுகிறான், கை வலுவிழக்கிறது, அல்லது குழு அவனை விடுவிக்கிறது, நல்ல பேச்சும் பொறுமையும் உள்ளவன் என்று யாரோ ஒருவர் கவனித்திருந்தால், அதே அமைப்பில் மிகக் கீழ்நிலைக் குழுவின் பயிற்றுநராக அவனை அமர்த்துகிறார்கள். மேஜர் லீக்கில் 30 குழுக்கள் உள்ளன. 2021 முதல் ஒவ்வொரு குழுவின் கீழும் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு நிலைக் குழுக்கள், மொத்தம் 120 குழுக்கள் இயங்குகின்றன. அவற்றுக்கும் கீழே புளோரிடாவிலும் அரிசோனாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் புதியவர்களுக்கான லீக்குகள் இருக்கின்றன. பயிற்றுநர்களும் ஆட்டக்காரர்களைப் போலவே இந்தப் படிகளில் ஏறி வருகிறார்கள். இரவு முழுக்கப் பேருந்தில் பயணம், சிறிய ஊர்களில் தங்கல், அடுத்த பருவத்துக்கு வேலை உண்டா என்று ஆண்டுதோறும் காத்திருத்தல் என்று அந்த வாழ்க்கை போகும். மேலே போனால் எல்லா மைனர் லீக் பிட்சர்களையும் சுற்றிப் பார்க்கும் பிட்சிங் ஒருங்கிணைப்பாளர், மேஜர் லீக்கின் புல்பென் (பிட்சர்கள் எறிந்து பழகும் இடம்) பயிற்றுநர், துணைப் பிட்சிங் பயிற்றுநர், கடைசியாகத் தலைமைப் பிட்சிங் பயிற்றுநர். அந்தக் கடைசி நாற்காலிகள் உலகத்திலேயே 30 மட்டும்தான். இதைத் தம்பியிடம் மறைக்க வேண்டாம்.

புதிய வழி கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் திறந்தது. நியூயார்க் யாங்கீஸ் 2019 இறுதியில் அமர்த்திய மாட் பிளேக் தொழில்முறை ஆட்டம் ஆடியவர் இல்லை. கல்லூரியில் விளையாடி, உயர்நிலைப் பள்ளியிலும் தனியார் பயிற்சிக் கூடத்திலும் கற்றுக்கொடுத்து, கிளீவ்லண்ட் அமைப்பில் சேர்ந்து மேலே வந்தவர். 2018 பருவம் முடிந்ததும் வெஸ் ஜான்சனை மினசோட்டா ட்வின்ஸ் ஆர்க்கன்சா பல்கலைக்கழகக் குழுவிலிருந்து நேராக மேஜர் லீக்குக்கு அழைத்துக்கொண்டது. அவருக்கும் தொழில்முறை ஆட்ட அனுபவம் கிடையாது. சியாட்டலுக்கு அருகே டிரைவ்லைன் என்ற பயிற்சிக் கூடத்தை நிறுவிய கைல் பாடி, எறிதலை அளந்து ஆராய்ந்தே பெயர் பெற்றவர். சின்சினாட்டி ரெட்ஸ் அவரை 2019இல் பணியில் சேர்த்தது.

பதில்: கை வைத்தியம் (கிள்ளான்)

நான் உடலியக்கச் சிகிச்சையாளராகப் பணிபுரிகிறேன். மேலே எழுதிய ஐயா ஏணியை நன்றாக விளக்கிவிட்டார். அந்த ஏணியில் ஏறுபவர் அன்றாடம் செய்யும் வேலையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது, பயிற்றுநர், பிட்சர் நின்று எறியும் மேட்டுக்கு நடந்து போய்ப் பிட்சரின் தோளில் கை வைத்து ஏதோ சொல்லிவிட்டுத் திரும்புவதை மட்டும்தான். அந்த நடைக்கே கட்டுப்பாடு உண்டு: 2024 முதல் 9 இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒரு குழு இப்படி மேட்டுக்குச் செல்ல 4 முறைதான் அனுமதி, ஒவ்வொரு முறைக்கும் 30 நொடி. ஒரே இன்னிங்ஸில் ஒரே பிட்சரிடம் பயிற்றுநர் இரண்டாவது முறை சென்றால் அந்தப் பிட்சரை மாற்றியே ஆக வேண்டும். மற்ற வேலையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பே நடந்து முடிகிறது: எதிரணி அடிப்பவர்களின் பலவீனங்களைப் படித்துத் திட்டம் வகுப்பது, புல்பென்னில் ஒவ்வொரு பிட்சருடைய எறிதலையும் கவனிப்பது, யார் எத்தனை பந்து எறிந்தார், யாருக்கு ஓய்வு தேவை என்று கணக்கு வைப்பது.

அந்தக் கணக்கில்தான் ஒருவருடைய வாழ்க்கையே அடங்கியிருக்கிறது என்று நான் சொல்வேன். மேலிருந்து கை சுழற்றி வேகமாக எறியும்போது முழங்கையின் உட்புறத் தசைநார் மிகக் கடுமையாக இழுபடுகிறது. அது கிழிந்தால் முன்பு ஆட்டம் முடிந்தது என்று பொருள். 1974இல் லாஸ் ஏஞ்சலஸில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடலின் வேறோர் இடத்திலிருந்து எடுத்த தசைநாரைப் பொருத்தி அறுவை சிகிச்சை செய்தார். 1976இல் களத்துக்குத் திரும்பிய டாமி ஜான் 1989 வரை எறிந்தார். அதே சிகிச்சையை 1978இல் இரண்டாவதாகச் செய்துகொண்ட பிரெண்ட் ஸ்ட்ராம், பின்னாளில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் பிட்சிங் பயிற்றுநரானார். தன் கையில் பட்டதைப் பிறர் கைக்குப் பாடமாக்கியவர் என்று அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைத் தம்பி படிக்க வேண்டும். கை களைத்திருக்கும்போதே தொடர்ந்து எறிந்த பதின்ம வயதினருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 36 மடங்கு என்றும், ஆண்டில் 8 மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு என்றும் அது கண்டது. 2014இல் மேஜர் லீக் வெளியிட்ட வழிகாட்டுதலில் வயதுக்கேற்ற வரம்பு இருக்கிறது: 9, 10 வயதுச் சிறுவனுக்கு ஒரு நாளில் 75 பந்துகள், 17, 18 வயதில் 105. ஆயாக்கொட்டகைச் சுவரில் எறியும் சிறுவர்களுக்கும் இது பொருந்தும். சுவர் என்பதால் யாரும் எண்ணுவதில்லை; தம்பி எண்ணட்டும்.

தோட்டத்து அக்கா (சிலிம் ரிவர்)

இருவருக்கும் நன்றி. தம்பியிடம் காட்டினேன்; டேவ் டங்கனைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தான். எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அவன் விளையாடுவது சாஃப்ட்பால். அதில் கையைக் கீழிருந்து சுழற்றி எறிகிறார்கள், பேஸ்பாலில் மேலிருந்து எறிகிறார்கள். இது தெரிந்தவனுக்கு அது வருமா? அமெரிக்காவில் படிப்பது எங்கள் குடும்பத்தால் முடிகிற காரியமா? அப்பாவின் சம்பளத்தை நம்பி அவனுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க நான் விரும்பவில்லை.

பதில்: சுங்கை சிப்புட் மாணவன் (இப்போது அமெரிக்கா)

அக்காவுக்கு வணக்கம். நானும் தோட்டப் பிள்ளைதான். இங்கே முதுகலை படித்துக்கொண்டே பல்கலைக்கழகப் பேஸ்பால் குழுவில் தரவு சேகரிக்கும் உதவியாளனாக இருக்கிறேன். நான் ஒரு நாளும் பேஸ்பால் விளையாடியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். இளங்கலைக்கு இங்கே வருவது நம் குடும்பங்களுக்குப் பெரும் கடன். என் கருத்து, இளங்கலையை மலேசியாவிலேயே அரசுப் பல்கலைக்கழகத்தில் நல்ல மதிப்பெண்ணுடன் முடித்துவிட்டு, முதுகலைக்கு உதவியாளர் பணியுடன் விண்ணப்பிப்பதே சரி. அந்தப் பணி கிடைப்பவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சிறு உதவித்தொகையும் தருகின்றன. மாணவர் விசாவில் இருப்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில், வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் துறை சார்ந்த வேலை பார்க்க 12 மாத அனுமதி உண்டு. தரவு அறிவியல் போன்ற பாடங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிப்புக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒரு குழு உங்களுக்காக வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பலர் திரும்பிப் போவது அந்த இடத்தில்தான்.

கல்லூரிப் பேஸ்பால் மிகப் பெரிய உலகம். முதல் பிரிவில் மட்டும் ஏறத்தாழ 300 குழுக்கள். முன்பு அவற்றில் சம்பளமே இல்லாத ‘தன்னார்வப் பயிற்றுநர்’ என்ற பதவி இருந்தது; 2023 ஜூலை முதல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் சம்பளம் தரக்கூடிய துணைப் பயிற்றுநர் இடமாக்கிவிட்டார்கள். பிட்சிங் பயிற்றுநர்கள் இங்கே பயின்றுதான் தொழில்முறைக்குப் போகிறார்கள். வெஸ் ஜான்சன்கூட 2022 பருவத்தின் நடுவில் ட்வின்ஸை விட்டுக் கல்லூரிப் பேஸ்பாலுக்கே திரும்பினார்; அவர் போய்ச் சேர்ந்த லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2023இல் கல்லூரி உலகத் தொடரை வென்றது.

புல்பென்னில் என் வேலை இப்படி இருக்கும். கேட்சருக்கும் பிட்சருக்கும் நடுவே தரையில் ராப்சோடோ கருவியை வைப்பேன். சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனம் அதைத் தயாரிக்கிறது என்பதில் எனக்குச் சிறு பெருமை. பந்து விரலைவிட்டுப் போனதும் அதன் வேகமும் சுழற்சியும் சுழலும் அச்சும் கைக்கணினியில் வந்துவிடும். பக்கத்தில் அதிவேகக் கேமரா, பந்தைக் கடைசியாகத் தொட்ட விரல் எது என்று காட்டும். தம்பி கைப்பேசியை நிறுத்தி வரைந்துகொள்வதும் அதே வேலைதான் அக்கா. பயிற்றுநர் அந்த எண்ணைப் பிட்சரிடம் படித்துக் காட்டுவதில்லை. ‘ஆட்காட்டி விரலைத் தையலுக்கு இன்னும் நெருக்கமாக வை’ என்று ஒரு வரியாகச் சொல்கிறார். ஆகவே எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நான் நம்புகிறேன். தம்பி கணிதத்தையும் இயற்பியலையும் விடக் கூடாது. ஸ்பானிய மொழியும் படிக்கட்டும், ஏனெனில் மைனர் லீக்கின் கீழ்நிலைகளில் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பிட்சர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பதில்: பழைய கேட்சர் (ஈப்போ)

சாஃப்ட்பால் பற்றிய ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கை போகும் பாதை வேறு, அதில் சந்தேகமில்லை. தொலைவும் வேறு: பேஸ்பாலில் மேட்டிலிருந்து அடிப்பவரின் தட்டு 18.44 மீட்டர், ஆண்கள் சாஃப்ட்பாலில் 14.02, பெண்கள் சாஃப்ட்பாலில் 13.11. ஆனால் விசை காலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக விரலுக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். தம்பி மண்ணில் முன்னங்காலுக்குக் கோடு கிழிக்கிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவன் கண் சரியான இடத்துக்குப் போகிறது.

கீழிருந்து எறிந்தால் கைக்கு ஆபத்தில்லை என்று நம் பள்ளிகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யுகிகோ உவேனோ இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் எறிந்து தங்கம் வென்று கொடுத்தார். அது அவருடைய வீரம். அதை வைத்துப் பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரே நாளில் மூன்று ஆட்டங்களுக்கு எறியவைப்பது நாம் செய்யும் கொடுமை. நம் பள்ளிப் போட்டிகள் சில நாட்களுக்குள் நெருக்கமாக முடிந்துவிடுவதால், குழுவில் ஒரே ஒரு நல்ல பிட்சர் இருந்தால் அவர்மீதே எல்லாச் சுமையும் விழுகிறது. பந்தை எண்ணும் ஒருவர், இரண்டாவது மூன்றாவது பிட்சரை உருவாக்கும் ஒருவர், நம் குழுக்களுக்கு இன்றே தேவை.

மாணவத் தம்பியிடம் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். எண் பாதி வேலை என்கிறார். அவர் இருக்கும் இடத்தில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பந்தையே பிடித்துப் பார்க்காத பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் திறமையை எந்தக் கருவியும் தராது. 2008இல் இந்தியாவில் நடந்த ஒரு போட்டியில் தேர்வான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிபவர்கள், பேஸ்பாலே தெரியாதவர்கள். டெக்சஸ் ரேஞ்சர்ஸின் முன்னாள் பிட்சிங் பயிற்றுநர் டாம் ஹவுஸ் அவர்களைச் சில மாதங்கள் பழக்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அவர்கள் மேஜர் லீக்கை எட்டவில்லை என்றாலும், ஒன்றும் தெரியாதவரை அந்த அளவுக்குக் கொண்டுவந்தது பயிற்றுநரின் வேலைதான். லயத்துச் சிறுவர்களிடம் தம்பி இப்போது பழகிக்கொண்டிருப்பது அந்தத் திறமையைத்தான்.

நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் ஊருக்கு அருகே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. விளையாட்டு அறிவியலும் பயிற்றுவிப்பும் அங்கே தனிப் புலமாகவே கற்பிக்கப்படுகின்றன. எஸ்.பி.எம். முடிவைப் பொறுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ முடித்து அதற்கு விண்ணப்பிக்கலாம். கூடவே தேசியப் பயிற்றுநர் சான்றிதழ்த் திட்டத்தில் முதல் நிலையை முடிக்கட்டும். அதில் விளையாட்டு அறிவியல் ஒரு பகுதி, குறிப்பிட்ட விளையாட்டு இன்னொரு பகுதி, மொத்தம் மூன்று நிலைகள். இந்தப் படிப்பும் சான்றிதழும் இருந்தால், அமெரிக்கா அமையாவிட்டாலும் பள்ளி, மாநிலக் குழு, உடற்பயிற்சித் துறை என்று வேலை தேட இடமுண்டு. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். அவருடைய கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது. பேஸ்பாலுக்கும் சாஃப்ட்பாலுக்கும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இடம் உண்டு என்பதால் ஆசியாவிலும் இந்த விளையாட்டுகளுக்குக் கவனம் கூடும் என்று எதிர்பார்க்கிறேன்.

தோட்டத்து அக்கா (சிலிம் ரிவர்)

ஐயா, மாமாவிடம் படித்துக் காட்டினேன். எஸ்.பி.எம். தேர்வுவரை பயிற்சி வாரத்துக்கு இரண்டு மாலை மட்டும் என்றும், முடிவு வந்ததும் தஞ்சோங் மாலிமுக்கு மூவரும் போய் விசாரிப்பது என்றும் வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு கேள்வி: சிறுவர்களின் பந்துக் கணக்கை அவன் எப்படி எழுதி வைக்க வேண்டும்?

பதில்: கை வைத்தியம் (கிள்ளான்)

ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். தேதி, எறிந்த பந்துகள், அவற்றில் முழு வேகத்தில் எறிந்தவை, மறுநாள் காலையில் தோளிலோ முழங்கையிலோ வலி இருந்ததா என்று நான்கு கட்டங்கள் போதும். நான்காவது கட்டத்தை மறுநாள் பள்ளிப் பேருந்தில் ஏறும் முன்பே கேட்டு நிரப்ப வேண்டும். மாலையில் கேட்டால், விளையாடும் ஆசையில் எந்தப் பையனும் வலிக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாட்டான். வலி என்று எழுதிய நாளில் அந்தப் பையன் பந்தைத் தொடக் கூடாது.